கடிதத்தின் முதுகில் இரண்டு திகதிகள்

இரண்டு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். நான் வேலை செய்த நீர்ப்பாசன அலுவலகத்தில் இப்போதிருக்கும் பிள்ளைகள் ஒரு கையேடு போடுகிறார்களாம். பழைய கோவைகளை, ஃபைல் என்பார்களே அவற்றை, நான் எப்படி ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன் என்பது அதில் வர வேண்டுமாம். உப்பு முடிந்துவிட்டது என்பதைச் சொல்லவே எனக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்பார் என் கணவர். முப்பத்தொரு வருஷம் ஆவண அறையில் இருந்தவளுக்கு இரண்டு பக்கம் எந்த மூலைக்கு? நீளத்தைக் குறைப்பது அவர்கள் பாடு.

கேட்க வந்தவள் நஸ்ரின். அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர், மாவடிப்பள்ளிப் பிள்ளை, கெட்டிக்காரி. ஒரு காலையில் சாய்ந்தமருதுவில் எங்கள் வீட்டுக்கு மடிக்கணினியோடு வந்து, தேநீர் ஆறும்வரை அதைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். பழைய கடிதங்கள், தீர்மானங்கள், மனுக்கள் எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு மென்பொருளுக்குள் ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பக்கம்.

"ஒரு கடிதம் வேற எந்தக் கடிதத்தச் சுட்டுதெண்டு நாமளே வாசிச்சுத் தெரிஞ்சிக்கலாம் மிஸ். ஆனா அந்தக் கடிதத்தப் பின்னால வந்த எதெது சுட்டுதெண்டு வாசிச்சாத் தெரியாதே. இது அதக் கீழ தானாக் காட்டும். பேக்லிங்க் எண்டு சொல்ற."

"நாங்க அத முதுகுக் குறிப்பு எண்டு சொன்னம்," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நான் கையால் எழுதி எழுதி விரல் காய்த்துப்போன வேலையை ஒரு பொறி கண் இமைக்குமுன் செய்கிறது. ஆனாலும் யாரையும் எதையும் சோதித்துப் பார்க்காமல் விட்டதில்லை நான். "மரைக்கார் கண்டம் எண்டு அடிச்சுப் பாருங்க," என்றேன். கண்டம் என்பது வயல்வெளியில் ஒரு துண்டு, ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் வயல்கள் சேர்ந்தது.

ஒரு கடிதம் வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த கடிதம். அதன் அடியில் அதைச் சுட்டும் ஆவணங்கள் இருபத்து மூன்று வரிசையாக நின்றன.

நஸ்ரின் மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "இந்தக் கண்டத்துக்குச் சிறுபோகத்துல தண்ணி இல்ல மிஸ். இருபத்து மூணு ஆவணம் சொல்லுது. இனி மனு வந்தா இதப் பாத்துத்தான் பதில் எழுதப்போறம்," என்றாள். சிறுபோகம் என்றால் மழையில்லாத மாதங்களில், குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் வேளாண்மை.

"பிழை," என்றேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. ஏன் பிழை என்று அவளுக்கு அன்று நான் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தூசி, தும்மல், கோவை கட்டும் நூல், கரப்பான் முட்டை. சாய்ந்தமருதுவிலிருந்து காரைதீவு, மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குப் பஸ். மாரியில் மாவடிப்பள்ளிப் பாதையில் வெள்ளம் ஏறினால் அன்று லீவு. ஆவண அறைக்குப் பெண்பிள்ளை எதற்கு, ஏணியில் ஏறமாட்டாளே என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஏறினேன்.

எனக்கு மேலே இருந்தவர் பிரதம இலிகிதர், அதாவது தலைமை எழுத்தர், தங்கராசா ஐயா, காரைதீவுக்காரர். ஏசமாட்டார், சத்தம் போடமாட்டார். வேலை சரியில்லை என்றால் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோவையின் மேல் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பார். கண்ணாடி கோவை மேல் இருக்கும்வரை அந்தக் கோவை முடியவில்லை என்று அர்த்தம். நான் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டு வந்தால் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். ஏசினால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தக் கண்ணாடியைத் தாங்க முடியாது. காலையும் மாலையும் ஒரே பஸ்ஸில்தான் வருவோம், போவோம். பஸ்ஸில் அலுவலகக் கதையை அவர் வாயில் எடுத்ததே கிடையாது.

அவருடைய முறை இதுதான். ஒரு கடிதம் வரும். அதன் தலையில் "எனது இல." என்று ஒன்று, "உமது இல." என்று ஒன்று இருக்கும். வேறெங்கும் அதற்கு எண் போட்டு, கோவையில் செருகி, அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஐயாவிடம் அது நடக்காது. புதுக் கடிதம் எந்தப் பழைய கடிதத்தைச் சுட்டுகிறதோ, அந்தப் பழையதைத் தட்டிலிருந்து எடுத்துவர வேண்டும். அதைக் கவிழ்த்து, முதுகில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: சுட்டிய கடிதத்தின் இலக்கம், அது வந்த திகதி, ஏன் சுட்டியது. அந்த ஏன் மூன்று சொல்லுக்கு மேல் போகக் கூடாது. "நினைவூட்ட", "மறுத்து", "விலக்கச் சொல்லி". அதை எழுதிய பிறகுதான் புதுக் கடிதம் தன் கோவைக்குப் போகும்.

நான் ஒருநாள் அலுத்துக்கொண்டபோது சொன்னார்: "கடிதம் தனக்கு முன்னால ஆரெண்டு தானே சொல்லும், பிள்ளை. தனக்குப் பிறகு ஆர் வந்ததெண்டு அதுக்குத் தெரியாது. நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

இலக்கமும் திகதியும் எழுதுவதில் எனக்குச் சங்கடம் இல்லை. அந்த ஏன் தான் எரிச்சல். ஏன் என்று எழுத வேண்டுமானால் கடிதத்தை முழுதாக வாசிக்க வேண்டும். காலையில் நாற்பது கடிதம் வந்து கிடக்கும்போது எவளுக்கு வாசிக்க நேரம்? எண்ணைப் பிடித்துப் போனால் அந்த ஏன் தானாகத் தெரிந்துவிடுமே என்று எனக்குள் ஒரு வாதம். இரண்டாம் வருஷம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், ஒரு கட்டுக் கடிதத்தை அப்படித்தான் முடித்தேன். எண், திகதி, அவ்வளவுதான். பெருநாள் கழித்து வந்து மிச்சத்தை எழுதுவோம் என்று நினைத்தேன். வந்து எழுதினேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று விடுபட்டது எனக்கே தெரியாது.

பிறகு பத்து வருஷம் போனது. ஆவண அறை என் கைக்குள் இருந்தது. எதைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். மற்ற அலுவலகங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தலைக்கனம் இருந்ததா என்று கேட்டால், ஓம், இருந்தது. இருக்க வேண்டிய அளவு இருந்தது.

அந்த வருஷம் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. சிறுபோகத்தில் எந்தெந்தக் கண்டத்துக்குத் தண்ணீர் என்பதை விதைப்புக்கு முன் விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானித்துப் பட்டியல் போடுவார்கள். பட்டியலில் இல்லாதவன் விதைக்கக் கூடாது. பொறியியலாளர் சேர் அக்கரைப்பற்றைச் சேர்ந்தவர், புதிதாக வந்தவர், நேர்மையானவர். காகிதத்தில் இருப்பதைச் செய்வார், இல்லாததைச் செய்யமாட்டார். தண்ணீர் தட்டியதும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத துருசுகளை எல்லாம் பூட்டச் சொல்லிவிட்டார். துருசு என்றால் வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து மூடும் கதவு.

அதில் ஒன்று வாய்க்காலின் கடைசியில் இருந்த கண்டத்துடையது. மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். சுபைதா, சம்மாந்துறை, நாற்பது வயதிருக்கும். கணவர் கட்டாருக்குப் போன முதல் போகம் அது. ஆறு ஏக்கரை அவள் தானே முன்னின்று விதைத்திருந்தாள். பொம்பிளை விதைத்த வயல் விளைந்தாற்போலத்தான் என்று ஊரில் நக்கல் பேசியவர்களும் உண்டு.

"சேர், பயிர் குடலைல நிக்கி," என்றாள். கதிர் தண்டுக்குள் திரண்டு நிற்கும் பருவம் அது. "நாலு நாளைக்குள்ள தண்ணி விழல்லண்டா பதர்தான். ஒவ்வொரு சிறுபோகமும் தண்ணி வந்த வயல் சேர் இது."

"ஆர் தந்த? எந்தக் கடிதத்துல தந்த?"

"வட்டவிதானைதான் விட்டவரு சேர்," என்றாள். தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்த்துக்கொள்ள விவசாயிகள் தெரிவு செய்யும் வட்டவிதானைதான் அதையெல்லாம் அறிந்தவர். பழைய வட்டவிதானை அதற்கு முந்திய வருஷம்தான் மௌத்தாகியிருந்தார். புதியவருக்கு அவளளவும் தெரியாது.

சேர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கடைசிக் கண்டம் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். அலுவலக வரைபடத்தில் அதன் பெயர் மரைக்கார் கண்டம். நான் ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. பக்க வாய்க்கால் உடைந்துவிட்டதால் மரைக்கார் கண்டத்துக்கும் வேறு மூன்று கண்டத்துக்கும் சிறுபோகத் தண்ணீர் இல்லை என்ற கடிதத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வைத்ததோடு நின்றேனா? கவிழ்த்தும் காட்டினேன். முதுகில் இருபத்து மூன்று குறிப்புகள்.

சேர் விரலால் எண்ணினார். "இருபத்து மூணு இடத்துல இந்தக் கடிதத்தச் சொல்லிருக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" சுபைதாவைப் பார்த்து, "வெதச்சது உங்கட பிழ," என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

பத்துப் பேர் ஒன்றைச் சொன்னால் நம்பத்தான் தோன்றும். அந்தப் பத்துப் பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சொன்னவர்களா என்று யாரும் கேட்பதில்லை. அன்று நானும் கேட்கவில்லை.

சுபைதா வெளியே போகாமல் என் ஆவண அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"மிஸ், மரைக்கார் கண்டம் எண்டு சொன்னீங்களே, அது எங்கட மூத்தவாப்பாட, உம்மாட வாப்பாட பேரு. இப்ப அப்பிடி ஆரும் சொல்றதில்ல. காணி உம்மாக்குச் சீதனமா வந்த. வாப்பா ஆதம்பாவா, கலியாணம் முடிச்சு வந்து செஞ்சவரு. மறுகா ஆதம்பாவா கண்டம் எண்டுதான் ஊரே சொல்லுற. இப்ப என்ட புருஷன்ட பேரச் சொல்லத் தொடங்கிட்டாங்க. உங்கட கடதாசில உம்மாட பேரு எங்கயாச்சும் இரிக்கா?"

இல்லை. இருக்காது. எங்கள் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வயலில் நின்று கூட்டத்துக்கு வந்து கையொப்பம் வைப்பதோ அந்தந்தக் காலத்து மாப்பிள்ளை. ஆகவே வயல் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் பெயர் மட்டும் தலைமுறைக்கு ஒருதரம் மருமகன் பெயராக மாறும். மூன்று பெயருக்கும் நடுவில் இருக்கிற பெண்களை எந்த இலிகிதரும் எழுதுவதில்லை. நானே சாய்ந்தமருதுவில் என் உம்மா தந்த வீட்டில்தான் இருக்கிறேன், வீதியில் கேட்டால் என் கணவர் பெயரைச் சொல்லித்தான் வழிகாட்டுவார்கள். இதை அறியாத ஆளா நான்? அறிந்தும் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்தால் மறந்துவிடுகிறது.

அவளை வாங்குப் பலகையில் இருத்திவிட்டு அந்தக் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். இம்முறை எண்ணவில்லை, வாசித்தேன். "விலக்குப் பட்டியலுக்காக." "விலக்குப் பட்டியலுக்காக." "மனுவை மறுத்து." பாதிக்கு மேல் வருடாந்தத் தீர்மானங்கள். முந்திய வருஷத் தீர்மானத்தைப் பார்த்து அடுத்த வருஷத்துக்குத் தட்டெழுதியது, அந்த வரியும் கூடவே வந்திருக்கிறது. அவற்றையெல்லாம் தாண்டி வரும்போது நடுவில் ஒரு வரியில் எண் இருந்தது, திகதி இருந்தது. ஏன் என்பது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எழுத்து என்னுடையது. திகதி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள்.

ஏணியை இழுத்துப் போட்டேன்.

அந்த எண் திருத்தவேலைப் பிரிவுடையது. மேல் தட்டில் தேடினேன். கோவையின் பெயர் "ஆதம்பாவா கண்டம் – பக்க வாய்க்கால் திருத்தம்". உள்ளே ஒரே ஒரு கடிதம் எனக்கு வேண்டியிருந்தது, இருந்தது. வாய்க்கால் திருத்தி முடிந்தது, ஆகவே முன்னைய கடிதத்தின் விலக்கை நீக்கி இந்தக் கண்டத்துக்குச் சிறுபோகத் தண்ணீர் வழங்கலாம் என்று அப்போதைய பொறியியலாளர் கையொப்பம் வைத்திருந்தார். பத்து வருஷமாக வட்டவிதானை வாய்மொழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது களவு இல்லை. உரிமையோடு விட்டிருக்கிறார். அந்த உரிமை நான் எழுதாமல் விட்ட ஏனுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது.

இரண்டு கடிதத்தையும் கொண்டு சேரிடம் ஓடினேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

"இது மரைக்கார் கண்டத்த விலக்குது. அது ஆதம்பாவா கண்டத்தச் சேர்க்குது. ரெண்டும் ஒண்டெண்டு நான் எப்பிடி எடுக்கிற?"

"ஒரே காணி சேர். மாமனாரும் மருமகனும்."

"அது ஊர்க்கதை. எனக்குக் கடிதத்துல வேணும்."

எரிச்சலாக இருந்தாலும் அவர் கேட்டது நியாயம். ஊர்க்கதையை நம்பித் தண்ணீர் திறந்தால் நாளைக்கு இன்னொருவர் இன்னொரு கதையோடு வருவார். இரண்டு கடிதத்தையும் அடியிலிருந்து மேலே வாசித்தேன், ஐயாவின் பழக்கம் அது. பழையதில் இரண்டாம் பக்கத்து அட்டவணையில் மரைக்கார் கண்டத்துக்கு நேரே துருசு இலக்கம் பதினான்கு. புதியதில் கடைசிப் பந்தியில் "துருசு இலக்கம் 14 வழியாக". துருசுக்கு யாரும் மகள் கொடுப்பதில்லை, அதன் இலக்கம் மாறாது.

சேர் இரண்டு இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சாவிக் கொத்தை எடுத்து, "கடிதங்களக் கொண்டு ஜீப்புல ஏறுங்க," என்றார். சுபைதாவும் ஏறினாள்.

துருசின் சீமெந்தில் இலக்கம் பாசிக்குள் மறைந்திருந்தது. சேர் குனிந்து பார்த்தார், தெரியவில்லை. சுபைதா செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கி, கையால் பாசியைத் தேய்த்தாள். முதலில் ஒன்று தெரிந்தது. பிறகு நான்கு. சேர் இரண்டு கடிதத்தையும் இன்னொரு தரம் பார்த்தார். பூட்டைத் தானே திறந்தார்.

தண்ணீர் உடனே ஓடாது. காய்ந்த வாய்க்கால் முதலில் குடிக்கும். வெடிப்புகளுக்குள் போய்க் குமிழி விட்டு, பிறகு மெல்ல மெல்ல நகர்ந்தது. சுபைதா வரம்பால் தண்ணீரோடு கூடவே நடந்து போனாள். தன் வயலின் வக்கடையை, அதுதான் வரம்பில் தண்ணீர் புகும் வாயை, வெறும் கையால் கிளறி விட்டாள். எங்களைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. எனக்கு அழுகை வந்தது. சேர் பார்க்காமல் துடைத்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் தங்கராசா ஐயாவின் மேசைக்குப் போனேன். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் சில மாதம்தான். கடிதத்தைக் கவிழ்த்து, வெறுமையாக இருந்த இடத்தில் விரல் வைத்தேன்.

"ஐயா, இது என்ட பிழை."

"எழுத்துத் தெரியுது, பிள்ளை," என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கடிதத்தின் மேல் வைத்தார். "இப்ப எழுதுங்க."

"விலக்கை நீக்கி" என்று எழுதினேன். இரண்டே சொல். கண்ணாடி எழவில்லை.

"திகதி?"

"திகதி ஏற்கனவே இருக்கே ஐயா."

"அது கடிதம் வந்த திகதி. நீங்க ஏன் எண்டு எழுதின திகதி?"

எழுதினேன். ஒரே வரியில் இரண்டு திகதி, நடுவே பத்து வருஷம். பழைய மை வெளிறி, புது மை கறுப்பாக. அவர் பக்கத்தில் தன் சிறு ஒப்பம் வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அந்த வரியை நினைத்து எனக்குப் பல நாள் கூச்சமாக இருந்தது. யார் அந்தக் கோவையை எடுத்தாலும் என் பிழை பல்லைக் காட்டுமே.

அன்று மாலை பஸ்ஸில் காரைதீவுச் சந்தி வந்தது. ஐயா எழுந்தார். இறங்குவதற்கு முன் என் இருக்கைப் பக்கம் குனிந்து, "தண்ணி வயலுக்குள்ள ஏறிட்டா, பிள்ளை?" என்றார்.

"ஓம் ஐயா. நான் பாத்துட்டுத்தான் வந்த."

தலையாட்டிவிட்டு இறங்கினார். பஸ்ஸில் அவர் என்னோடு கதைத்த ஒரே அலுவலகக் கதை அதுதான்.

அதற்குப் பிறகு சேர் பட்டியல்களில் கண்டத்தின் பெயரையே எடுத்துவிட்டுத் துருசு இலக்கத்தைப் போடச் சொன்னார். நான் என் பங்குக்கு ஒன்று செய்தேன். பெயர் மாறிய ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் அட்டை. மாமனார் பெயர் ஒரு பக்கம், மருமகன் பெயர் மறுபக்கம், நடுவில் அந்தப் பெண்ணின் பெயர். கேட்டு எழுதுவதற்குச் சம்மாந்துறையில் எத்தனையோ வீட்டுக் குசினி வரைக்கும் போயிருக்கிறேன். ஆண்களிடம் கேட்டால் அரைமணி நேரம் வாய்க்கால் சண்டை சொல்வார்கள். பெண்களிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் மூன்று தலைமுறை வந்துவிடும்.

எனக்குப் பிறகு அறைக்கு வந்த ஒரு தம்பி முதுகுக் குறிப்பில் மிகவும் ஆர்வப்பட்டு, தண்ணீர் என்ற சொல் வந்த கடிதத்தையெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்துவிட்டார். நீர்ப்பாசன அலுவலகத்தில் தண்ணீர் வராத கடிதம் எது? ஒரு சுற்றறிக்கையின் முதுகில் இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டியிருந்தார். "தம்பி, ஊர்ல எல்லாரும் சொந்தம் எண்டு சொன்னா, கலியாணத்துக்கு ஆர வீட்டுக்குப் போய்ச் சொல்ற, ஆருக்குத் தெருவுல வெச்சுச் சொல்ற?" என்று கேட்டேன். புரிந்துகொண்டார். இப்போது நல்ல பதவியில் இருக்கிறார்.

இனி நஸ்ரினிடம் வருகிறேன். அவளுடைய பொறியில் மரைக்கார் கண்டத்துக் கடிதத்தின் கீழ் இருபத்து மூன்றும் ஒரே அளவில், ஒரே நிறத்தில், தலைப்பின் அகர வரிசையில் நின்றன. விலக்கை நீக்கிய கடிதம் "ஆதம்பாவா" என்று தொடங்குவதால் மேலேயே இருந்தது, ஆனால் வேறு கண்டம் என்று நினைத்து அவள் தாண்டிப் போய்விட்டாள். துருசு இலக்கத்தோடு பின்னால் வந்த பட்டியல்கள் பழைய விலக்குக் கடிதத்தைச் சுட்டுவதை விட்டுவிட்டதால் பொறிக்கு அவை தெரியவே தெரியாது. அன்று என் சேர் விரலால் எண்ணியதைத்தான் இன்று இவள் கண்ணால் எண்ணினாள்.

"முதுகப் படம் பிடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"பின்பக்கமா மிஸ்? முன்பக்கம் மட்டும்தான் பிடிச்ச. பின்னால ஏதோ கிறுக்கிக் கிடந்திச்சு, தேவையில்ல எண்டு நினைச்சம்."

கோபம் வந்தது. முப்பத்தொரு வருஷத்தைக் கிறுக்கல் என்றால் யாருக்கு வராது? தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவி வைத்துவிட்டு வந்தேன். அதற்குள் கோபம் பாதியாகிவிட்டது. "கடிதமெல்லாம் இப்ப எங்க?" என்றேன்.

சாக்கில் கட்டிக் களஞ்சியத்தில் வைத்திருக்கிறார்களாம். அழிப்பதற்கு அனுமதி கேட்டு எழுதியாகிவிட்டதாம். இன்னும் வரவில்லையாம். அரசாங்கத்தின் தாமதத்துக்கு நான் வாழ்க்கையில் முதல் தடவை அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

மறுநாள் பத்து மணியளவில் நஸ்ரின் களஞ்சியத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மூன்று சாக்கை அவிழ்த்துக் கடிதத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கவிழ்த்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்தாள். விலக்குப் பட்டியலுக்காக, விலக்குப் பட்டியலுக்காக, மனுவை மறுத்து. பிறகு ஒரு வரியில் நின்றாள்.

"விலக்கை நீக்கி," என்றாள் மெதுவாக. "ஆதம்பாவா கண்டத்துக் கோவை. மிஸ், நீங்க சொன்னது சரி. ஒரே கண்டமா இது?" அப்போதே சொன்னாள், எல்லாக் கடிதத்தின் முதுகையும் படம் பிடிக்கப் போகிறோம், பொறியில் ஒவ்வொரு தொடுப்புக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு பெட்டி வைக்கப் போகிறோம், அந்த ஏன் எழுதாமல் தொடுப்புச் சேராதபடி செய்யலாம் என்று. நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஐயா இருந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றியிருக்கவேமாட்டார்.

"ஒண்டு மட்டும் விளங்கல்ல மிஸ். இந்த வரில ரெண்டு திகதி கிடக்கு. பத்து வருஷ வித்தியாசம். ஆரோ பிழையா எழுதியிருக்காங்க போல. எதப் போட?"

முதலாவதைப் போடுங்கள் என்று சொன்னால் முடிந்தது. ஐயா போய்ச் சேர்ந்துவிட்டார். சேர் மாற்றலாகி எத்தனையோ காலம். சுபைதாவின் வயலை இப்போது மகள் செய்கிறாள், அவளுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. கேட்க ஆளில்லை.

"ரெண்டையும் போடுங்க," என்றேன். "முதலாவது கடிதம் வந்த திகதி. ரெண்டாவது, ஏன் எண்டு எழுதின திகதி. பத்து வருஷம் பிந்தி எழுதினது எண்டு அந்தப் பெட்டில போடுங்க."

"ஆரு எழுதின மிஸ்?"

"ஜெமீலா. ஆவண அறை."

மறுமுனையில் அவள் விசைகளை அழுத்தும் சத்தம் கேட்டது. முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களின் முதுகில் எழுதியிருக்கிறேன், என் பெயர் அதில் ஒன்றில் ஏறியது அன்றைக்குத்தான்.